மென்பொருளையும் அளந்து வாங்குவோம்

2020 ஆகஸ்ட் 11. ரெவ்லான் என்னும் அழகுசாதன நிறுவனம் வாங்கியிருந்த கடனுக்கு அமெரிக்காவின் சிட்டிபேங்க் வட்டி அனுப்ப வேண்டிய நாள். கடன் கொடுத்தவை பல முதலீட்டு நிதியங்கள். நிறுவனத்திடம் வாங்கி அவற்றுக்குப் பிரித்துக் கொடுக்கும் முகவர் வேலை மட்டும்தான் வங்கிக்கு. போக வேண்டிய வட்டி சுமார் 78 லட்சம் டாலர். போனதோ ஏறத்தாழ 90 கோடி டாலர். 2023இல் அடைக்க வேண்டிய அசல் முழுவதும், அதுவும் வங்கியின் சொந்தப் பணத்திலிருந்து, கடன் கொடுத்தவர்களின் கணக்குகளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

இது எப்படி நடந்தது என்பது நியூயார்க் நீதிமன்றத் தீர்ப்பில் விரிவாகப் பதிவாகியிருக்கிறது. வங்கி பயன்படுத்திய ஃப்ளெக்ஸ்கியூப் மென்பொருளில் அன்றைய வேலையைச் செய்து முடிக்க நேர்வழி இல்லை. கடன் முழுவதும் அடைபடுவதாகக் கணக்கில் காட்டி, அசல் தொகையை மட்டும் வெளியே போகவிடாமல் வங்கியின் உள்கணக்கு ஒன்றுக்குத் திருப்பிவிட வேண்டும். அப்படித் திருப்புவதற்குத் திரையில் மூன்று கட்டங்களை நிரப்ப வேண்டும். அவற்றில் ஒன்றின் பெயர் ‘பிரின்சிபல்’, அதாவது அசல். மற்ற இரண்டின் பெயர்கள் ‘ஃப்ரண்ட்’, ‘ஃபண்ட்’. அசலைத் திருப்ப வேண்டும் என்று நினைக்கிறவர் அசல் என்று எழுதியிருக்கும் கட்டத்தைத்தான் நிரப்புவார். அதைத்தான் செய்தார்கள். இந்தியாவில் இருந்த வெளிநிறுவன ஊழியர் ஒருவர் பதிவு செய்தார், இன்னொருவர் சரிபார்த்தார், அமெரிக்காவில் இருந்த வங்கி அதிகாரி ஒப்புதல் கொடுத்தார். மூன்று பேருக்கும் ஒரே கட்டம் போதும் என்றுதான் தோன்றியது.

கடைசி நொடியில் திரை ஒரு எச்சரிக்கையையும் காட்டியது. பணம் வங்கிக்கு வெளியே போகப்போகிறது, தொடரலாமா என்று கேட்டது. எவ்வளவு பணம் என்று சொல்லவில்லை. வட்டிப் பணம் எப்படியும் வெளியே போக வேண்டியதுதான். ஆகவே அந்த எச்சரிக்கையைப் பார்த்து யாரும் திடுக்கிட வாய்ப்பே இல்லை. மறுநாள்தான் விஷயம் தெரிந்தது. சில நிதியங்கள் பணத்தைத் திருப்பின. சுமார் 50 கோடி டாலரைப் பத்து நிதி மேலாண்மை நிறுவனங்கள் திருப்ப மறுத்தன. 2021 பிப்ரவரியில் மாவட்ட நீதிமன்றம் அவற்றின் பக்கம் நின்றது. 2022 செப்டம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றிய பிறகே வங்கி மூச்சு விட்டது.

இதை ‘மனிதத் தவறு’ என்று சொன்னவர்கள் பலர். நான் இதை ஏற்கவில்லை. தகுதியும் அனுபவமும் உள்ள மூன்று பேர், தனித்தனியாகப் பார்த்து, ஒரே இடத்தில், ஒரே விதமாகத் தவறினால் அந்தத் தவறு அவர்களுக்குள் இல்லை. அவர்கள் பார்த்த திரையில் இருக்கிறது. மென்பொருள் அன்று பழுதாகவில்லை, எழுதிய நிரல்படியே துல்லியமாக வேலை செய்தது. அப்படியிருந்தும் அதை நல்ல மென்பொருள் என்று சொல்ல முடியாது. இதைச் சொல்வதற்குத் தனிப்பட்ட ரசனை தேவையில்லை. ஒரு திரை மனிதருக்குப் பொருந்துகிறதா என்று அளக்கும் பன்னாட்டுத் தர அளவுகோல் பல ஆண்டுகளாக நம்மிடம் இருக்கிறது. அதை எடுத்துப் பயன்படுத்தத்தான் நம் அரசுகளுக்கும் நிறுவனங்களுக்கும் மனம் வரவில்லை.

நாற்காலியோடு பிறந்த தரம்

அந்த அளவுகோலின் பெயர் ஐஎஸ்ஓ 9241. அது எங்கிருந்து வந்தது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் அதன் நோக்கம் விளங்கும். கணினி விற்பவர்கள் அழகுக்காக உருவாக்கிய விதிமுறை அல்ல அது. 1970களிலும் 80களிலும் ஐரோப்பிய அலுவலகங்களில் திரைகள் வந்து உட்கார்ந்தபோது, நாள் முழுக்க அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்த ஊழியர்களுக்குக் கண் எரிந்தது, கழுத்து வலித்தது, மணிக்கட்டு மரத்துப்போனது. தொழிற்சங்கங்கள் கேள்வி கேட்டன. மேசை எவ்வளவு உயரம், நாற்காலி எப்படிச் சாய வேண்டும், எழுத்து எவ்வளவு தெளிவாகத் தெரிய வேண்டும், வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழ வேண்டும் என்று விதிகள் எழுதப்பட்டன. பணிச்சூழலியல் என்று நாம் சொல்லும் எர்கனாமிக்ஸ் துறையின் வழக்கமான வேலை இது.

ஜெர்மானியர்கள் அதோடு நிற்கவில்லை. உடம்பு வலிப்பது போலவே மனமும் களைக்கிறது. அந்தக் களைப்புக்குக் காரணம் திரைக்குள் ஓடும் மென்பொருள் என்று கண்டார்கள். 1988இல் வெளிவந்த டிஐஎன் 66234 தரத்தின் எட்டாம் பகுதி, மென்பொருள் மனிதரோடு எப்படி உரையாட வேண்டும் என்பதற்கு ஐந்து நெறிகளைச் சொன்னது. 1990 மே 29 அன்று ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம், திரை முன் வேலை செய்வோரின் பாதுகாப்புக்கான 90/270 ஆணையைப் பிறப்பித்தது. அதன் பின்னிணைப்பில் நாற்காலி, மேசை, வெளிச்சம், இரைச்சல் ஆகியவற்றோடு ஒரே பட்டியலில் மென்பொருளும் இடம்பெற்றிருக்கிறது. மென்பொருள் வேலைக்குப் பொருந்த வேண்டும், எளிதாக இருக்க வேண்டும், ஊழியருக்குத் தெரியாமல் அவருடைய வேலையை எண்ணிக் கண்காணிக்கக் கூடாது என்றெல்லாம் அந்த ஆணை சொல்கிறது. 1996இல் ஜெர்மனி இதை உள்நாட்டுச் சட்டமாக்கியது. திரைப் பணியால் கண்ணுக்கும் உடலுக்கும் மட்டுமல்லாமல் மனத்துக்கும் ஏற்படும் சுமையை மதிப்பிடும் கடமை முதலாளியின் மேல் விழுந்தது. பணியிடங்களில் ஊழியர்கள் தேர்ந்தெடுக்கும் பணிமன்றங்களுக்கு இந்த விஷயத்தில் சட்டபூர்வமான பங்கும் இருக்கிறது.

ஒரு எழுத்தரின் கால் தரையில் படாத உயரத்தில் நாற்காலி போட்டால் அது பணியிடக் குறைபாடு என்று எல்லோருக்கும் தெரியும். அவருடைய திரையில் ஒரே விவரத்தை மூன்று இடத்தில் தட்டச்ச வைப்பதும் பணியிடக் குறைபாடுதான் என்பதை ஐரோப்பிய சட்டம் 30 ஆண்டுகளுக்கு முன்பே ஒப்புக்கொண்டது. எனக்கு இந்த வரலாற்றில் முக்கியமாகப் படுவது இதுதான்: மென்பொருளின் எளிமை இங்கே வாடிக்கையாளரைக் கவரும் உத்தியாகப் பார்க்கப்படவில்லை, வேலை செய்பவரின் உரிமையாகப் பார்க்கப்பட்டது.

எதை அளப்பது?

ஐஎஸ்ஓ 9241 பல பகுதிகள் கொண்ட பெரிய தொகுப்பு. மென்பொருளைப் பொறுத்தவரை இரண்டு பகுதிகள் உயிர்நாடி. பதினொன்றாம் பகுதி 1998இல் வந்து 2018இல் திருத்தப்பட்டது. ஒரு கருவி பயன்படுத்த எளிதா என்பதை மூன்றாகப் பிரித்துப் பார்க்கச் சொல்கிறது அது. வேலை சரியாகவும் முழுமையாகவும் முடிந்ததா? அதற்கு எவ்வளவு நேரமும் உழைப்பும் செலவாயின? செய்தவருக்கு மனநிறைவு இருந்ததா? இந்த மூன்றையும்விட முக்கியம் அந்த வரையறையில் உள்ள நிபந்தனை. குறிப்பிட்ட மனிதர்கள், குறிப்பிட்ட நோக்கத்துக்காக, குறிப்பிட்ட சூழலில் பயன்படுத்தும்போதுதான் இவற்றை அளக்க முடியும். ‘இந்த மென்பொருள் எளிது’ என்று பொதுவாகச் சொல்வதற்குத் தரத்தின் கண்ணில் அர்த்தமே கிடையாது. யாருக்கு எளிது, எந்த வேலைக்கு, எந்த இடத்தில், எந்தக் கருவியில் என்று சொல்லியாக வேண்டும். குளிரூட்டிய அறையில், பெரிய திரையில், அதை உருவாக்கியவரே செய்து காட்டும் செயல்விளக்கம் இந்த நிபந்தனை முன் நிற்காது.

நூற்றுப் பத்தாம் பகுதி, மென்பொருள் பின்பற்ற வேண்டிய நெறிகளை வகுக்கிறது. 2020இல் கடைசியாகத் திருத்தப்பட்ட அதில் ஏழு நெறிகள். எல்லாவற்றையும் இங்கே வரிசையாக அடுக்க வேண்டியதில்லை. சிட்டிபேங்க் கதையை அவற்றின் வெளிச்சத்தில் பார்த்தாலே போதும். வட்டி மட்டும் அனுப்ப நினைப்பவரைக் கடன் முழுவதையும் அடைப்பதாக நடிக்கச் சொன்னது, மென்பொருள் பயனரின் வேலைக்குப் பொருந்த வேண்டும் என்னும் நெறிக்கு எதிரானது. ‘ஃப்ரண்ட்’, ‘ஃபண்ட்’ கட்டங்களும் அசலோடு தொடர்புடையவை என்று திரையிலேயே தெரியாமல் போனது, திரை தன்னைத் தானே விளக்க வேண்டும் என்னும் நெறிக்கு எதிரானது. அசல் என்று எழுதிய கட்டம் அசலை முழுதாகக் கட்டுப்படுத்தாதது, பயனரின் எதிர்பார்ப்புக்கு இசைய வேண்டும் என்னும் நெறிக்கு எதிரானது. தொகையைக் காட்டாத எச்சரிக்கை, மனிதர் தவறினாலும் பெரிய சேதம் வராமல் தாங்க வேண்டும் என்னும் நெறிக்கு எதிரானது. வாங்குவதற்கு முன்பே, நெறிகளைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பிற்பகல் உட்கார்ந்திருந்தால், இந்த நான்கும் ஒரு நிபுணரின் கண்ணில் பட்டிருக்கும்.

தவறைத் தாங்கும் நெறியைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். ‘நிச்சயமாகவா?’ என்று கேட்கும் ஒரு பெட்டியை வைத்துவிட்டால் கடமை முடிந்தது என்று பல நிறுவனங்கள் நினைக்கின்றன. 2018 ஜனவரி 13 காலை 8.07 மணிக்கு ஹவாய்த் தீவு மக்களின் கைப்பேசிகளுக்கு ஏவுகணை வருகிறது என்று அவசரச் செய்தி போனது. ஒத்திகையை நிஜம் என்று நம்பிய ஓர் ஊழியர் அதை அனுப்பினார். உறுதிசெய்யும் பெட்டி அங்கேயும் இருந்தது. அவர் நம்பியதைத்தான் உறுதியும் செய்தார். திருத்தச் செய்தி போக 38 நிமிடங்கள் ஆயின. அனுப்பியதை மறுக்கும் செய்தி ஒன்று முன்கூட்டியே தயார் செய்யப்படவில்லை என்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம். கேள்வி கேட்பதைவிட, நடந்ததைச் சட்டென்று திருப்ப வழி வைப்பதுதான் உண்மையான பாதுகாப்பு.

இந்த நெறிகளை எண்ணாக மாற்றவும் வழிகள் உண்டு. ஜெர்மனியில் யோகன் ப்ரூம்பரும் மிகாயேல் ஆன்ஃப்டும் 1993இல் ‘ஐஎஸ்ஓநார்ம்’ என்ற வினாத்தாளை உருவாக்கினார்கள். அன்றைய ஏழு நெறிகளுக்கும் தலா ஐந்து என 35 கேள்விகள். ஒவ்வொன்றிலும் இடப்பக்கம் ஒரு குறை, வலப்பக்கம் அதற்கு எதிரான நிறை. நடுவே மூன்று கழித்தல் குறியிலிருந்து மூன்று கூட்டல் குறி வரை ஏழு படிகள். தேவையில்லாத விவரங்களைக் கேட்கிறதா, பிழைச் செய்தி புரிகிறதா, பாதியில் நிறுத்திவிட்டுப் பிறகு தொடர முடிகிறதா என்று அன்றாடம் அதைப் பயன்படுத்துகிறவரே குறிக்க வேண்டும். கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். இதைவிடச் சுருக்கமானது, பிரிட்டனில் டிஜிட்டல் எக்யுப்மென்ட் நிறுவனத்தில் இருந்த ஜான் புரூக் 1986இல் உருவாக்கிய பத்து வாக்கியங்கள் கொண்ட எஸ்யூஎஸ் தாள். நூறுக்கு மதிப்பெண் வரும். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் சராசரி 68 என்று தெரிந்ததால், அதற்குக் கீழே போகிற மென்பொருளைச் சந்தேகத்தோடு பார்க்கிறார்கள்.

ஆனால் வினாத்தாளை மட்டும் நம்பக் கூடாது. பத்து ஆண்டுகளாக ஒரே மென்பொருளில் உழலும் எழுத்தரிடம் கேட்டால், ‘பரவாயில்லை சார், பழகிடுச்சு’ என்பார். அந்தப் பழக்கத்துக்கு அவர் கொடுத்த விலை தாளில் வராது. நம் ஊரில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கருவி சரியில்லை என்று சொல்வதற்குப் பதிலாக, தனக்குத்தான் படிப்புப் போதவில்லை என்று மக்கள் தங்களையே நொந்துகொள்கிறார்கள். மேலதிகாரி அனுப்பிய தாளில் அவர் வாங்கிய மென்பொருளைக் குறை சொல்லத் துணிபவர்களும் குறைவு. ஆகவே பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதற்கு மாற்று எதுவும் இல்லை. நிஜமான பயனரிடம் நிஜமான வேலையைக் கொடுத்து, உதவி செய்யாமல், எங்கே தயங்குகிறார், எங்கே பின்னால் போகிறார், எந்தச் சொல்லில் முகம் சுளிக்கிறார் என்று குறித்துக்கொள்ள வேண்டும். ஜேக்கப் நீல்சனும் தாமஸ் லாண்டவரும் 1993இல் காட்டிய கணக்குப்படி, ஒரு பயனர் சராசரியாக 31 சதவீதச் சிக்கல்களை வெளிக்கொண்டு வருகிறார். ஐந்து பேரைப் பார்த்தால் சுமார் 85 சதவீதம் தெரிந்துவிடும். சராசரி நேரம், வெற்றி விகிதம் என்று நம்பத்தகுந்த எண்கள் வேண்டுமென்றால் இருபது பேராவது தேவை. குறைகளைக் கண்டுபிடிக்க மட்டும் என்றால் ஐந்து பேர் போதும். கோடிக்கணக்கில் செலவழிக்கும் திட்டங்களுக்கு இது பொருட்படுத்தக்கூடிய செலவே அல்ல.

நம் திரைகளை யார் அளந்தார்கள்?

2021 மார்ச் 1 அன்று மத்திய அரசு ‘போஷன் டிராக்கர்’ செயலியை அறிமுகப்படுத்தியது. நாடு முழுக்க ஏறத்தாழ 14 லட்சம் அங்கன்வாடி மையங்கள். தமிழ்நாட்டில் மட்டும் 54,000க்கு மேல். குழந்தைகளின் வருகை, எடை, உயரம், உணவு, வீட்டுப் பார்வை எல்லாவற்றையும் பணியாளர்கள் கைப்பேசியில் பதிவு செய்ய வேண்டும். நோக்கம் நல்லதுதான். ஊட்டச்சத்துக் குறைந்த குழந்தையைச் சீக்கிரம் அடையாளம் காண நல்ல தரவு வேண்டும். ஆனால் அந்த ஆண்டிலேயே மகாராஷ்டிரத்தில் பணியாளர்கள் அரசு கொடுத்த கைப்பேசிகளைக் கூட்டம் கூட்டமாகத் திருப்பி ஒப்படைத்தார்கள். கைப்பேசியின் திறன் போதவில்லை என்றார்கள். செயலியில் மராத்தி இல்லை என்று அவர்களுடைய சங்கம் மும்பை உயர் நீதிமன்றத்தை நாடியது.

மொழி பிறகு வந்தது. நான் கேட்பது அதற்கு முந்தைய கேள்வி. அறிமுகத்துக்கு முன்னால், ஒரு அங்கன்வாடி மையத்தில், காலை பதினொரு மணிக்கு, ஒரு குழந்தை அழ, இன்னொன்று இடுப்பில் இருக்க, அடுப்பில் சாதம் கொதிக்க, அந்தப் பணியாளரின் பக்கத்தில் உட்கார்ந்து யாராவது பார்த்தார்களா? குறிப்பிட்ட மனிதர், குறிப்பிட்ட சூழல் என்று பதினொன்றாம் பகுதி வலியுறுத்துவது இதைத்தான். ஒரு குழந்தையின் எடையைப் பதிய எத்தனை திரைகளைக் கடக்க வேண்டும், நடுவில் இணைப்பு அறுந்தால் போட்டது நிற்குமா போகுமா, தவறாக இட்ட எடையைத் திருத்த வழி உண்டா என்பவை குழந்தைகளின் நலனோடு நேரடியாகத் தொடர்புள்ள கேள்விகள். ஏனென்றால் செயலியில் போகும் ஒவ்வொரு நிமிடமும் குழந்தையிடமிருந்து எடுக்கப்பட்ட நிமிடம்.

பொதுமக்கள் பக்கமும் இதே கதைதான். தமிழ்நாட்டில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தை பெயரின் முதலெழுத்தும் சொந்தப் பெயரும்தான். இது தற்செயலாக வந்ததல்ல. சாதிப் பட்டங்களைத் துறக்க வேண்டும் என்று 1929இல் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது. அந்த இயக்கம் இந்தச் சமூகத்தின் பெயர்களையே மாற்றியது. பான் அட்டை விண்ணப்பமோ கடைசிப் பெயரைக் கட்டாயம் கேட்கிறது, முதலெழுத்தை ஏற்பதில்லை. அங்கே தந்தையின் முழுப் பெயர் போய் உட்காருகிறது. ஆதாரில் பெயர் ஒரே கட்டம். அங்கே முதலெழுத்தோடு இருக்கிறது. பிறகு இரண்டையும் இணைக்கும்போது பெயர் பொருந்தவில்லை என்று திரை சொல்கிறது. ஒரே மனிதர் இரண்டு பேராகிவிட, அதைச் சரிசெய்ய அவர்தான் இ-சேவை மையத்துக்கு அலைகிறார், கட்டணமும் கட்டுகிறார். பயனரின் எதிர்பார்ப்புக்கு இசைய வேண்டும் என்ற நெறியைக் கையில் வைத்துக்கொண்டு விழுப்புரத்திலோ விருதுநகரிலோ ஐந்து பேரை உட்காரவைத்துப் பார்த்திருந்தால் முதல் நாளிலேயே தெரிந்திருக்கும்.

நம் நாட்டில் விதிமுறைகளே இல்லை என்று சொல்ல மாட்டேன். அரசு இணையதளங்களுக்கான வழிகாட்டி 2009இல் வந்தது. 2023இல் அதன் மூன்றாம் பதிப்பு வெளியானது. மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்தும் வகையில் மின்னணுச் சேவைகள் அமைய ஐஎஸ் 17802 என்ற இந்தியத் தரமும் இருக்கிறது. ஆனால் வழிகாட்டி என்பது விரும்பினால் பின்பற்றலாம் என்ற அளவிலேயே நெடுங்காலம் நின்றது. மாற்றுத்திறனாளிகள் விஷயத்தில் உச்ச நீதிமன்றம்தான் அந்த நிலையை உடைத்தது. அணுகுதன்மை விதிகளைப் பரிந்துரையாக மட்டும் வைத்திருப்பது 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துக்கு முரணானது என்று 2024 நவம்பர் 8 அன்று தீர்ப்பளித்தது. 2025 ஏப்ரல் 30 அன்று இன்னும் ஒரு படி மேலே போனது. வங்கிக் கணக்குத் தொடங்கக் கண்ணைச் சிமிட்டிக் காட்டச் சொல்லும் திரை முன், அமில வீச்சில் கண்களை இழந்தவர்கள் என்ன செய்வார்கள் என்ற வழக்கு அது. மின்னணுச் சேவைகளை அணுகுவது அரசமைப்பின் 21ஆம் கூறு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று நீதிமன்றம் சொன்னது.

இந்தத் தீர்ப்புகளின் தர்க்கத்தை வேலை செய்யும் இடங்களுக்கும் நீட்ட வேண்டும் என்பதே என் வாதம். அணுக முடிவது ஒன்று. அணுகிய பிறகு வேலையைச் சரியாக, களைக்காமல், அஞ்சாமல் முடிக்க முடிவது இன்னொன்று. முதலாவதற்கு இன்று சட்டத்தின் பலம் கிடைத்திருக்கிறது. இரண்டாவதற்கு நம் நாட்டில் யாரும் பொறுப்பாளி இல்லை. பத்திரப் பதிவு, கருவூலம், அரசு மருத்துவமனை, காவல் நிலையம், கூட்டுறவுக் கடை என எங்கே போனாலும், அதிகாரிகளும் எழுத்தர்களும் செவிலியர்களும் யாரோ எங்கோ வடிவமைத்த திரையோடு மல்லுக்கட்டுகிறார்கள். ‘சிஸ்டம் எடுத்துக்கலை’ என்று கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருப்பவர் சொல்லும்போது இந்தப் பக்கம் இருப்பவர் அவர்மேல் கோபப்படுகிறார். இருவருமே ஒரே குறையால் பாதிக்கப்பட்டவர்கள்.

வாங்குபவரின் கையில் இருக்கிறது

காரணம் எளிது. மென்பொருளுக்கான ஒப்பந்தப்புள்ளியில் என்னென்ன வசதிகள் வேண்டும் என்று நூறு பக்கம் பட்டியல் போடுகிறோம். யூஏடி என்று ஐடி துறையினர் சொல்லும் ஏற்புச் சோதனையில், பட்டியலில் உள்ள வசதி திரையில் இருக்கிறதா என்று பார்த்து டிக் போடுகிறோம். பெரும்பாலும் அதைச் செய்வதும் தலைமையகத்தில் இருக்கும் சிலர்தான். அந்த வசதியைக் கொண்டு களத்தில் இருப்பவரால் வேலையை முடிக்க முடிகிறதா, எத்தனை நிமிடம் ஆகிறது என்பது பட்டியலில் இருப்பதில்லை. கேட்காததை எந்த நிறுவனமும் கொடுக்காது.

பெரிய வாங்குபவர்கள் கேட்டால் சந்தை மாறும் என்பதற்கு முன்னுதாரணம் இருக்கிறது. 1997இல் அமெரிக்காவின் தேசியத் தர நிறுவனம், மென்பொருள் விற்பவர்களையும் போயிங் போன்ற பெரிய வாங்குபவர்களையும் ஒரே மேசையில் உட்காரவைத்தது. பயன்பாட்டுச் சோதனை முடிவுகளை ஒரே வடிவில் எழுதித் தர வேண்டும் என்ற ஏற்பாடு அதில் பிறந்தது. யாரை வைத்துச் சோதித்தீர்கள், என்ன வேலை கொடுத்தீர்கள், எத்தனை பேர் முடித்தார்கள், எவ்வளவு நேரம் ஆனது என்று அந்த அறிக்கையில் சொல்லியாக வேண்டும். 2001இல் அது அமெரிக்கத் தரமானது, 2006இல் ஐஎஸ்ஓ 25062 ஆனது. ஒரு மாநில அரசு தன் ஒப்பந்தப்புள்ளியில் இந்த ஓர் அறிக்கையைக் கட்டாயம் என்று சேர்ப்பதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. ஓர் அரசாணை போதும்.

தமிழ்நாடு இதைச் செய்ய முடியும் என்று நான் நம்புவதற்குக் காரணம் இருக்கிறது. 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய ‘தமிழ்நெட் 99’ மாநாட்டின் வழியே வந்த தமிழ்99 விசைப்பலகையைப் பாருங்கள். உயிரெழுத்துகள் இடக்கைக்கு, மெய்கள் வலக்கைக்கு. அடிக்கடி வரும் எழுத்துகள் விரல் இயல்பாகத் தங்கும் நடுவரிசையில். பல இடங்களில் புள்ளி தானாக விழும், தனியே தட்ட வேண்டியதில்லை. மொழி எப்படி இயங்குகிறது, விரல் எப்படிக் களைக்கிறது என்று இரண்டையும் சேர்த்து யோசித்து, அதை ஒரு மாநில அரசு தரமாக ஏற்றது. அசலான பணிச்சூழலியல் அது. இன்று சென்னையிலும் கோவையிலும் உள்ள நிறுவனங்கள் உலகமெங்கும் உள்ள வாடிக்கையாளர்களுக்காக மென்பொருள் எழுதுகின்றன. அந்தத் திறமை உள்ளூர் அங்கன்வாடிக்கும் ரேஷன் கடைக்கும் வந்து சேர்வதில் தொழில்நுட்பத் தடை எதுவும் இல்லை.

இரண்டு விஷயங்களில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. சோதனையை மென்பொருளை எழுதிய நிறுவனமே நடத்தக் கூடாது. அண்ணா பல்கலைக்கழகம் போன்ற பொதுக் கல்வி நிறுவனங்களின் வடிவமைப்பு, கணினித் துறைகளிடம் விடலாம், மாணவர்களுக்கும் நல்ல பயிற்சி. அடுத்து, யாரைச் சோதனைக்கு அழைப்பது என்பதை ஊழியர் சங்கங்களோடு பேசி முடிவு செய்ய வேண்டும். ஜெர்மானியப் பணிமன்றங்களுக்கு இருக்கும் சட்ட அதிகாரம் இங்கே உடனே வராது. ஆனாலும் களத்தின் வலி சங்கங்களுக்குத்தான் தெரியும். கணினியில் கெட்டிக்காரரான ஒருவரை மட்டும் பொறுக்கி உட்காரவைத்து நல்ல மதிப்பெண் வாங்கிவிடும் ஆபத்தும் அப்போது குறையும்.

தொடங்குவதற்கு அங்கன்வாடியைவிடப் பொருத்தமான இடம் தெரியவில்லை. மாநிலம் தன் பணியாளர்களுக்காக அடுத்து எந்தச் செயலியை வாங்கினாலும், நகரத்திலிருந்து இருவர், கிராமத்திலிருந்து இருவர், மலைப்பகுதியிலிருந்து ஒருவர் என ஐந்து பணியாளர்களைத் தேர்ந்தெடுக்கட்டும். அவர்களுடைய மையத்திலேயே, குழந்தைகள் இருக்கும் நேரத்தில், அவர்கள் கையில் இருக்கும் கைப்பேசியில், அங்கே கிடைக்கும் இணைப்பில் சோதனை நடக்கட்டும். அறிக்கை ஐஎஸ்ஓ 25062 வடிவில் தமிழில் துறையின் தளத்தில் வெளியாகட்டும். அதில் கண்ட குறைகள் திருத்தப்பட்டு, அதே ஐந்து பணியாளர்களும் மறுபடி பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே நிறுவனத்துக்குக் கடைசித் தவணைப் பணத்தை விடுவிக்க வேண்டும்.